எங்கே புட் அப் ஆகியிருக்கிறீர்கள்?

1

போன வாரம் லிஃப்டில் ஒருவர் என்னைப் பார்த்து, "வேர் ஆர் யூ புட் அப்?" என்று கேட்டார். நான் ஐந்தாம் மாடிப் பொத்தானை அழுத்திவிட்டு ஒரு கையில் வீட்டுச் சாவியும் மறு கையில் கொத்தமல்லிக் கட்டுமாக நிற்கிறேன். கொத்தமல்லியோடு லிஃப்ட் ஏறுகிறவள் அந்தக் கட்டடத்தில்தான் சமைக்கிறாள் என்று தெரிய வேண்டாமா? அவர் மேலும் தப்பில்லை. விமான் நகரில் பாதிப் பேர் கம்பெனி வேலையாக வந்து தங்கிப் போகிறவர்கள். ஐந்தாம் மாடி, சொந்த வீடு என்று கொஞ்சம் அழுத்தியே சொல்லிவிட்டு இறங்கிக்கொண்டேன்.

இந்த ஊருக்கு வந்து பதினான்கு வருடமாகிறது. வரும்போது ரயிலில் கேட்ட முதல் கேள்வியும் இதுதான். அது தொண்ணூற்று நான்கு. கல்யாணமான புதிது. விருதுநகரிலிருந்து மெட்ராஸ் போய், அங்கே ரயில் மாறி, பட்டுச்சேலை கசங்கி, தலை பரட்டையாகி உட்கார்ந்திருந்தேன். எதிர் சீட்டில் இருந்த புனேக்காரப் பெரியவர் இவரிடம் அதைக் கேட்டார். இவர் என்றால் என் வீட்டுக்காரர் சுந்தரம். பிம்ப்ரியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிற சூப்பர்வைசர்.

நானும் சும்மா இல்லை, பி.ஏ. ஆங்கில இலக்கியம். ‘புட் அப்’ என்றால் என்னென்ன என்று பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவள். கட்டடம் எழுப்புவது, படம் மாட்டுவது, வகுப்பில் கை தூக்குவது, வீட்டை விற்பனைக்கு விடுவது, தேர்தலில் ஆளை நிறுத்துவது. ஒரு மனிதனைப் புட் அப் செய்வது அந்த வரிசையின் கடைசியில் இருந்திருக்கும். அது வருவதற்குள் எனக்குத் தூக்கம் வந்திருக்கும். எங்களை எதில் மாட்டியிருக்கிறார்கள் என்று கேட்கிறாரா, எத்தனை ஓட்டு விழும் என்று கேட்கிறாரா என்று நான் குழம்புவதற்குள் இவர் "போபோடி" என்று சொல்லிவிட்டார். பெரியவர் "ஓ" என்றார். அந்த ‘ஓ’ எதற்கு என்பது போபோடியில் கால் வைத்ததும் புரிந்தது.

புனே என்ன வெளிநாடா, இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று நீங்கள் கேட்கலாம். துபாய்க்குப் போன என் சித்தி மகளுக்கு அங்கே தெருவுக்கு நாலு பேர் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் போபோடியில் முதல் இரண்டு வருடம், ஊரிலிருந்து வந்து தங்கிப் போகிறவர்களை விட்டால், தமிழ் என்றால் இவர் ஒருவர்தான், அதுவும் ஷிஃப்ட் முடிந்து வந்த பிறகு. பாஸ்போர்ட் கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

2

போபோடி, காட்கி ரயில் நிலையத்தை ஒட்டிய பேட்டை. சந்துக்குள் சந்து. தொழிற்சாலைக்கும் ராணுவ முகாமுக்கும் வேலைக்குப் போகிறவர்கள், அவர்களை நம்பிச் சின்னச் சின்னக் கடைகள். எங்களுடையது லைன் வீடு. இங்கே சால் என்பார்கள். ஒரு ஹால், ஒரு சமையலறை, எல்லா வீட்டுக்கும் பொதுவாக முன்னால் நீளமாக ஒரு நடை, அதன் கோடியில் பொதுக் கழிப்பறை. தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம் வரும். அந்த நேரத்தில் தூங்கினவர்கள் அன்றைக்குக் குளிக்க வேண்டியதில்லை.

இந்த மாளிகையின் விலாசத்தை என் மாமியார் விருதுநகரில் கல்யாணப் பத்திரிகை மாதிரி விநியோகம் செய்துகொண்டிருந்தார். டிப்ளமா முடித்த பையன், அப்ரண்டிஸாகச் சேருகிற பையன், இன்டர்வியூ கார்டு வந்த பையன், யார் வீட்டுப் பையனாக இருந்தாலும் சரி. பூனாவில் நம்ம சுந்தரம் இருக்கிறான், நேராகப் போய் அங்கே இறங்கு, மற்றதை அவன் பார்த்துக்கொள்வான் என்று சொல்லி அனுப்பிவிடுவார். மற்றதைப் பார்த்துக்கொண்டது யார் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

இப்படித்தான் ‘புட் அப்’ என்பதற்குக் கல்லூரியில் நான் தூங்கிவிட்ட அர்த்தத்தை, ஆளைத் தங்க வைப்பது என்பதை, அனுபவத்தில் கற்றேன். வருகிறவருக்கு ஹால். எங்களுக்குச் சமையலறை. நித்யா பிறந்த பிறகு அவளும் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் தூங்கிப் பழகினாள். வந்தவர்களைக் குறை சொல்லக் கூடாது. ஒருவர் வரும்போது எங்களுக்காகச் சேவும் சீரணி மிட்டாயும் கொண்டுவந்து, போவதற்குள் அதை அவரே தின்று தீர்த்தார். ஒருவர் இந்த ஊர்த் தண்ணீருக்கு ரசம் சரியாக வராது என்று தினமும் எனக்கு எடுத்துச் சொன்னார். ஒருவர் வாயைத் திறக்கவே மாட்டார். மூன்று வாரம் அவர் குரலைக் கேட்டதில்லை. போகிற அன்று "போய்ட்டு வரேன்க்கா" என்றபோது யாரோ என்று திரும்பிப் பார்த்தேன்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வந்தவரிடம் எப்போது வந்தீர்கள் என்று கேட்கலாம். எப்போது போகிறீர்கள் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அந்தப் பேச்சு நமக்கு முன்னால் விருதுநகர் போய்ச் சேர்ந்து, தெப்பக்குளத்தைச் சுற்றி, இரண்டு தலைமுறைக்கு நிற்கும். ஆகவே நான் கேட்டதில்லை. அவர்களாகச் சொல்வார்கள், ரெண்டு நாள் என்று. ரெண்டு நாள் என்பதற்கு அகராதியில் அர்த்தம் கிடையாது. அது ஒரு வாரமாகலாம், தீபாவளி வரையும் ஆகலாம்.

3

‘புட் அப்’ கூட ‘வித்’ சேர்ந்தால் சகித்துக்கொள்வது. இவர் ஆட்களைப் புட் அப் செய்வார், நான் புட் அப் வித் செய்வேன், குடும்ப வேலையை எங்களுக்குள் இப்படிப் பிரித்துக்கொண்டோம்.

இதை எல்லாம் பக்கத்து வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் பிரமிளா காக்கு. காக்கு என்றால் மராத்தியில் சித்தி. கணவர் போய்விட்டார், பிள்ளை இல்லை, தனி மனுஷி. எனக்கு மராத்தி சொல்லிக்கொடுத்தது அவர்தான், அதாவது நான் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் பாதியில் நிறுத்தித் திட்டியே சொல்லிக்கொடுத்தார். மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவது புனேக்காரர்களின் பெருமை. அதைச் சொல்வதற்கும் சோம்பல்பட்டு, பலகையில் எழுதி மாட்டிவிடுவார்கள். பழைய பேட்டைகளில் வீட்டுக்கு வீடு பார்க்கலாம். காக்குவின் கதவில் நிலை மறையும் அளவுக்குப் பலகைகள் இருந்தன, எல்லாம் அவரே பெயின்டில் எழுதியவை. ‘மதியம் ஒன்று முதல் நான்கு வரை தட்டினால் திறக்கப்படாது. திறந்தாலும் பேசப்படாது’ என்று ஒன்று. ‘ஒருமுறை தட்டினால் போதும், எங்களுக்குக் காது இருக்கிறது’ என்று ஒன்று. ‘சர்க்கரை கடன் கேட்பவர்கள் போன மாதத்துச் சர்க்கரையோடு வரவும்’ என்று ஒன்று.

விருதுநகரில் ஒரு வீட்டு வாசலில் இப்படி எழுதி வைத்தால் பெண் கொடுக்க மாட்டார்கள். இங்கே யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நின்று படித்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். முதலில் எனக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. நாலைந்து வருடம் சமையலறையில் தூங்கிய பிறகு பொறாமையாக இருந்தது.

4

நித்யா பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் நானும் போனேன். காட்கியில் ஒரு சின்ன ஆங்கிலப் பள்ளியில் டெம்பரவரி டீச்சர். ஆங்கிலம்தான் பாடம். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, மராத்திப் பிள்ளைகளுக்கும் சிந்திப் பிள்ளைகளுக்கும் ராணுவக் குடியிருப்பிலிருந்து வருகிற நேபாளிப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். நன்றாகவே சொல்லிக்கொடுத்தேன் என்று நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யாரும் எழுதப் போவதில்லை.

அந்த வேலையை நிரந்தரமாக்க வேண்டுமென்றால் கல்வி அலுவலகத்தில் ஃபைல் நகர வேண்டும். அங்கே போய்க் கேட்டால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு "ஃபைல் புட் அப் கேலி ஆஹே" என்பார். ஃபைலைப் புட் அப் செய்துவிட்டேன், மேலே அனுப்பியாயிற்று என்று அர்த்தம். எந்த மேலே என்று கேட்கக் கூடாது. அடுத்த முறை போனால் இன்னொருவர், இது புட் அப் ஆகவே இல்லையே, யார் சொன்னது என்பார். என் கல்லூரி நோட்ஸில் இந்த அர்த்தம் அறவே கிடையாது. இந்தியாவில் எத்தனை பேர் வாழ்க்கை இந்த அர்த்தத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறதோ தெரியவில்லை.

கடைசியில் எங்கள் தலைமையாசிரியை பளிச்சென்று சொல்லிவிட்டார். பி.எட். இல்லாமல் எந்த ஃபைலும் நகராது. இந்த வருடம் முடித்தால் ஜூனில் உங்களுக்கு நிரந்தர வேலை. முடிக்காவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும், டெம்பரவரியும் இருக்காது. வேலையில் இருப்பவர்களுக்கான பி.எட். வகுப்பில் எனக்கு ஏற்கெனவே இடம் கிடைத்திருந்தது. பரீட்சை ஏப்ரல் கடைசியில்.

எனக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டியிருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். சம்பளம் பெரிதில்லை. இந்த ஊரில் நான் சுந்தரத்தின் மனைவி, நித்யாவின் அம்மா, மதராஸி வஹினி. மதராஸி அண்ணி என்று அர்த்தம், விருதுநகர் அவர்களுக்குத் தெரியாது. என்னை என் பெயரைச் சொல்லி, கூட ஒரு ‘மிஸ்’ சேர்த்துக் கூப்பிட்ட ஒரே இடம் அந்தப் பள்ளிக்கூடம்தான்.

5

அந்த வருடம் பிப்ரவரியில் வேல்முருகன் வந்தான். சாத்தூர்ப் பையன், இன்ஜினியரிங் முடித்தவன், மாமியாருக்கு ஏதோ ஒன்றுவிட்ட உறவு. இரண்டாயிரத்து இரண்டு அது. அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வியாபாரம் படுத்துப்போய், இங்கே பையன்களுக்கு வேலை கிடைக்காமல் திண்டாடிய நேரம். வரும்போதே வாசலில் நின்று, ரெண்டு நாள்தான்க்கா என்றான். மார்ச் முடிகிறபோது ஹாலில் இருந்தான்.

நல்ல பையன். பொய் சொல்ல மாட்டேன். தண்ணீர் பிடித்து வைப்பான், நித்யாவை ஸ்கூல் வேனில் ஏற்றிவிடுவான். கஷ்டம் என்னவென்றால், அவனுக்கு இங்கிலீஷ் தைரியம் போதாது. இன்டர்வியூவில் நாக்குப் புரளவில்லை என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதனால் விடியற்காலையில் எழுந்து, சுவரைப் பார்த்து நின்று, "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்று அவனையே அவன் கேட்பான். பிறகு பதில் சொல்வான். நான் படிப்பதற்கு எனக்கு இருந்த ஒரே நேரம் அந்த விடியற்காலைதான். சமையலறையில் குழந்தை மனோதத்துவப் புத்தகத்தை விரித்தால் ஹாலிலிருந்து "மை ஸ்ட்ரெங்த் இஸ் ஹார்ட் ஒர்க்" என்று வரும். ஒரு பக்கம் தாண்டவில்லை. இவரிடம் சொன்னால், பாவம், அவனும் பரீட்சைதானே எழுதுகிறான் என்பார். அவனிடமே சொல்லலாம் என்றால் அது ‘எப்போது போகிறாய்’ என்று கேட்டது மாதிரி ஆகிவிடும். வழக்கம் வாயைக் கட்டிவிட்டது.

ஏப்ரலில் ஒருநாள் நடையில் உட்கார்ந்து புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். காக்கு என்ன என்று கேட்டார். சொன்னேன். "பாட்டி லாவ்" என்றார். மாமியாரே வந்து தங்க முடியாத வீட்டில் பாட்டியை எங்கே வைப்பது என்று முழித்தேன். பாட்டி என்றால் மராத்தியில் பலகையாம், ஒரு பலகையை மாட்டு என்கிறார். அவரே உள்ளே போய் ஒரு பழைய பலகை, மிச்சமிருந்த வெள்ளைப் பெயின்ட், ஒரு தூரிகை எல்லாம் கொண்டுவந்து கொடுத்தார். முகத்துக்கு நேரே சொல்ல முடியாதவர்களுக்குத்தான் இது, நன்றாக உறைக்கிற மாதிரி எழுது என்றும் சொன்னார்.

தமிழில் எழுதினேன். வருகிற ஆட்கள் எல்லாரும் தமிழ், அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் புரியாது, மானமும் போகாது என்று கணக்குப் போட்டேன். எழுதியது இதுதான்:

‘அறிவிப்பு. இங்கே தங்க வருவோர் 7 நாளுக்கு மேல் தங்க வேண்டாம். ரெண்டு நாள் என்றால் இரண்டு நாள். விடியற்காலையில் சத்தம் கூடாது. மீறினால் காபி கிடையாது.’

எழுதும்போது இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். எட்டு வருட எரிச்சலை நாலு வரியில் இறக்கிவைத்தேன், கையெழுத்தும் அன்றைக்கென்று முத்துமுத்தாக வந்தது. இவர் பகல் ஷிஃப்டில் இருந்தார். வேல்முருகன் ஹிஞ்சவடிப் பக்கம் ஒரு கம்பெனியில் இன்டர்வியூவுக்குப் போயிருந்தான். காக்கு ஆணி பிடிக்க, நான் அடிக்க, பலகை ஏறிவிட்டது. படம் மாட்டுவது, அதாவது கல்லூரியில் நான் படித்த முதல் சில அர்த்தங்களில் ஒன்று.

கீழ்க்கோடி வீட்டு அம்மா தண்ணீர்க் குடத்தோடு போனவர் நின்று பார்த்தார். புரியாத எழுத்து, வெள்ளைப் பெயின்ட், வாசற்படிக்கு மேலே இருக்கிறது. ஏதோ சுலோகம் என்று நினைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

6

சாயங்காலம் வேல்முருகன் திரும்பியபோது நான் சமையலறையில் பருப்பு தாளித்துக்கொண்டிருந்தேன். ஹால் கதவு திறந்திருந்தது. நித்யா வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. வீட்டில் தமிழ்தான் பேசுவோம், ஆனால் அவள் வாயில் அது பாதி வழியிலேயே மராத்தியாகிவிடும். பசிக்கிறது என்று சொல்லத் தெரியாது, "எனக்குப் பசி லாக்கிடுச்சு" என்பாள். தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது. காலையிலிருந்து என்னிடம் இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுக் கேட்டு நான் சொல்லாததால் கோபமாக இருந்தாள்.

அவன் படி ஏறி வந்து நின்ற சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. படிக்கிறான் என்று தெரிந்தது. நான் அடுப்பைத் தணித்தேன். அவ்வளவு நேரமும் இருந்த தைரியம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"மாமா, இதுல காய் எழுதியிருக்கு? அம்மா சொல்ல மாட்டேங்கிறா."

‘காய்’ என்றால் மராத்தியில் ‘என்ன’. அவன் குரல், நிதானமாக, ஒவ்வொரு வரியாகக் கை வைத்துப் படிக்கிற மாதிரி வந்தது.

"வாங்க, வாங்கன்னு எழுதியிருக்கு பாப்பா. இந்த வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் நல்லா இருக்கட்டும். போற காரியம் நல்லபடியா முடியட்டும். அப்புறம் கடைசியில, எல்லாருக்கும் காபி உண்டு."

"இங்க சாத் இருக்கே, அது என்ன?"

எண்களை மட்டும் அவளுக்குப் படிக்கத் தெரியும் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. அவனும் யோசித்திருக்க மாட்டான்.

"ஏழு. ஏழு தலைமுறைக்கும் நல்லா இருக்கட்டும்னு."

நித்யா கைதட்டினாள். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது. அவன் என்னிடம் வந்து சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். பேச இடமே கொடுக்காமல் செய்துவிட்டான்.

உள்ளே வந்தவன் ஹாலின் மூலையில் இருந்த பையைத் திறந்து துணிகளை மடித்து வைக்கத் தொடங்கினான். நான் போய் நிலைப்படியில் நின்றேன். இன்றைக்கு இன்டர்வியூ என்ன ஆயிற்று என்று கேட்டேன். அதுவும் கிடைக்கவில்லை என்றான். சிநேகிதன் ஒருவன் சிஞ்ச்வடில் அறை எடுத்திருக்கிறான், அங்கே போகலாமென்று இருக்கிறேன் என்றான். அந்தச் சிநேகிதனின் அறையில் ஏற்கெனவே ஆறு பேர் என்று முந்தின வாரம் அவனே சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தான்.

"போய்ட்டு வரேன்க்கா" என்று அவன் பையைத் தூக்கினான்.

இதற்கு நாம் சொல்கிற பதில் ஒன்றுதான் இருக்கிறது. போய்ட்டு வாங்க. வர வேண்டாம் என்று வாசலில் எழுதி மாட்டிவிட்டு, வாங்க என்று எப்படிச் சொல்வது? நின்றேன். அவனும் பதில் வராமல் கிளம்பக் கூடாது என்று நின்றான்.

"எங்கயும் போக வேண்டாம்" என்றேன். "எனக்கு இந்த மாசக் கடைசியில பரீட்சை. நீங்க காலையில சத்தம் போட்டா என்னால படிக்க முடியல. அவ்வளவுதான். இதை நான் வாயால சொல்லியிருக்கணும்."

அவன் பையைக் கீழே வைத்தான். "சொல்லியிருக்கலாமேக்கா" என்றான். அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் விடியற்காலையில் அவன் எழுந்து, சட்டை மாட்டிக்கொண்டு, காட்கி ஸ்டேஷனுக்குப் போய்விட்டான். பிளாட்பாரத்தின் கோடியில் நின்று, போகிற வருகிற லோக்கல் ரயிலுக்கெல்லாம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தானாம். நான் சமையலறையில் குழந்தை மனோதத்துவத்தை முடித்து, கல்வி வரலாற்றுக்குப் போனேன். எட்டு வருடத்தில் அந்த வீட்டில் நான் கேட்ட முதல் அமைதி அது.

7

பலகையை அன்றைக்கே கழற்றியிருக்க வேண்டும். ஷிஃப்ட் முடிந்து வந்த இவர் அதைப் படித்துவிட்டு, அம்மா காதுக்குப் போனால் என்ன ஆகும் தெரியுமா என்றார். கழற்றத்தான் போகிறேன் என்று ஸ்டூலைப் போட்டேன். நித்யா காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நல்லது எழுதியிருக்கிறதை ஏன் எடுக்கிறாய் என்று கேட்டாள். அதற்குள் அவள் நடை நெடுக, வீடு வீடாக, மராத்தியில் அதை மொழிபெயர்த்துச் சொல்லி முடித்திருந்தாள், ஏழு தலைமுறை உட்பட.

காக்கு இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்துவிட்டார். "உறைக்கிற மாதிரி எழுதச் சொன்னேன், நீ போய் எல்லாரும் நல்லா இருக்கட்டும்னு எழுதியிருக்கே. உங்க ஊர்க்காரங்களுக்கு ஒருத்தரைத் திட்டவே தெரியாதா?" என்று மராத்தியில் பிடித்துக்கொண்டார். எனக்குத் திட்டத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். நித்யா பக்கத்தில் நின்று எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசாமல் ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்தேன். மறுநாள் காலையில் பலகையின் மூலையில் குங்குமம் இருந்தது. காக்கு வைத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வைத்தார்.

பரீட்சை எழுதினேன், தேறினேன். ஃபைல் புட் அப் ஆகி, இந்த முறை நிஜமாகவே மேலே போய், கையெழுத்தோடு கீழேயும் வந்தது. வேல்முருகன் ஜூலையில் பெங்களூரில் வேலை கிடைத்துப் போனான். கிளம்பும்போது "போய்ட்டு வரேன்க்கா" என்றான், நான் "போய்ட்டு வாங்க" என்று சத்தமாகச் சொன்னேன். அதற்கப்புறமும் ஆட்கள் வந்தார்கள். வாசலில் நின்று பலகையைப் படிப்பார்கள். முகம் மாறும். நான் முந்திக்கொண்டு, அது குழந்தைக்காக மாட்டியது, நீங்கள் உள்ளே வாருங்கள், காபி உண்டு என்பேன். விசித்திரம் என்னவென்றால், அதற்குப் பிறகு ரெண்டு நாள் என்று சொன்னவர்கள் கிட்டத்தட்ட ரெண்டு நாளிலேயே கிளம்பினார்கள்.

போன வருடம் விமான் நகருக்கு வீடு மாறினோம். சாமான்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தபோது காக்கு வந்து நின்றார். எழுபதைத் தாண்டிவிட்டார், குரல் மட்டும் குறையவில்லை. உங்கள் புது வீட்டில் வாட்ச்மேன், லிஃப்ட் எல்லாம் இருக்கிறது, இந்தப் பலகை எதற்கு, எனக்குக் கொடுத்துவிட்டுப் போ என்றார். அவரிடம்தான் நிறையப் பலகை இருக்கிறதே என்றேன். எல்லாம் வராதே என்று சொல்கிற பலகைகள், வா என்று ஒன்றாவது இருக்கட்டும், தனியாக இருக்கிறவளுக்கு நாலு பேர் வந்தால்தானே பொழுது போகும் என்றார். இவர் என்னைப் பார்த்தார். நான் சுத்தியலை எடுத்து நீட்டினேன். இவரே ஆணியைப் பிடுங்கி, எடுத்துப்போய், காக்குவின் கதவில் மாட்டிவிட்டு வந்தார்.

நித்யாவுக்கு இப்போது பதின்மூன்று வயது. தமிழ் படிக்க இன்னும் தெரியாது. சொல்லிக்கொடுக்கலாம் என்று ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் புத்தகத்தை எடுப்பேன், அவளுக்கு ஏதாவது ஒரு கிளாஸ் இருக்கும். வருத்தம்தான். ஊரார் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன், என் பெண்ணுக்கு அ ஆ சொல்லிக்கொடுக்க முடியவில்லை. அவள் இந்தக் கட்டுரையைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். என்றைக்காவது படித்துவிட்டாள் என்றால், அவள் என்ன சண்டை போட்டாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

காக்கு மட்டும் அங்கே தனியாக இருக்கிறார். வேலைக்கோ உறவினர் வீட்டுக்கோ உங்களில் யாராவது போபோடிப் பக்கம் போக நேரலாம். தமிழ் முகத்தைக் கண்டால் அவர் விடமாட்டார், கையைப் பிடித்து நிறுத்தி, கதவில் இருப்பதைப் படித்துக்காட்டச் சொல்லுவார். மதியம் ஒன்றிலிருந்து நான்குக்குள் என்றாலும் சொல்லுவார். தயவுசெய்து அதில் எழுதியிருப்பதைப் படித்துவிடாதீர்கள். ஏழு எதற்கு என்று கேட்டால், தலைமுறை என்று சொல்லுங்கள்.